தஞ்சைச் சுவார்ட்ஸ் ஐயர்

கி. பி. 1750-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஐரோப்பாவினின்றும் புறப்பட்டு வந்த கப்பலொன்று கடலூர்த் துறையில் நங்கூரம் பாய்ச்சிற்று. அதனின்று இறங்கினவர்களுள் இருபத்துமூன்று வயதுடைய ஜெர்மானிய இளைஞர் ஒருவரும் இருந்தார். இந்நாட்டை ஆள்பவர் யாவர் என்று அப்பொழுது எவரேனும் அவரை வினவியிருப்பின், அவரால் விடை கூற இயன்றிராது. அவரால் மட்டுமன்று, இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த எவராலும் இயன்றிராது. ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் முந்திய ஆண்டில்தான் ஆம்பூர்ப் போரில் மாண்டிருந்தார். அவர் மைந்தர் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் இருந்துகொண்டு தாமே நவாப் என்றார். சந்தா சாகிபு பிரஞ்சுக்காரரின் துணை பெற்றுத் தாமே நவாப் என்றார். தஞ்சையில் மராட்டிய மன்னர் பிரதாபசிங் இருபுறமும் நோக்கியவண்ணம் அரியணையில் அமர்ந்திருந்தார். சென்னையிலும் கடலூரிலும் ஆங்கிலக் கும்பினியாரும், புதுச்சேரியில் பிரஞ்சுக் கும்பினியாரும், தரங்கம்பாடியில் டேனியரும், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரரும் தத்தம் கொடிகளை ஏற்றியிருந்தனர். அரசர் மாறினும் வரி மாறாமல் உழவன் மட்டும் வந்தவர்க்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அவ்விளைஞரே பிற்காலத்தில் தஞ்சை மக்களால் பெரிய குரு என மதிக்கப்பெற்ற கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர். அன்று கரையேறியவர் நாற்பத்தேழு ஆண்டுகளுக்குமேல் இங்கு வாழ்ந்து, ஒரு முறையேனும் தாயகம் திரும்பாமலே இம்மண்ணில் அடங்கினார். அவ்வாண்டுகளுள் போரின்றிக் கழிந்தவை மிகச் சிலவே. அவர் வரலாற்றைப் பக்திமான் ஒருவருடைய சரிதமாகப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது பொய்யன்று. எனினும், உலகத்தை ஆள்பவர் கடவுள் ஒருவரே என்று உறுதியாக நம்பிய ஒருவர், நாடு நிலைகுலைந்து கிடந்த காலத்தில் தம் கைகளைக்கொண்டு என்னென்ன செய்தார் என்று ஆராய்வதே நமக்கு இப்பொழுது வேண்டுவது. அவர் செய்த செபங்களை நாம் அறியோம். அவர் வாங்கிய நெல்லையும் அவர் கொடுத்துத் தீர்த்த கூலியையும் ஒருவாறு அறிவோம்.

அவர் பிறந்தது 1726-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில். பிறந்த ஊர், அந்நாளில் பிரஷ்ய நாட்டைச் சேர்ந்திருந்த சோனன்பர்க் என்னும் சிற்றூர். அவ்வூர் இப்பொழுது போலந்து நாட்டில் வேறு பெயருடன் இருக்கின்றது. தந்தையார் ரொட்டி சுடும் தொழிலினர். தாயாரோ, மகன் குழவியாயிருக்கும்போதே நோயுற்று மரணப்படுக்கையில் கிடந்து, கணவரையும் போதகரையும் அருகழைத்து, இம்மகனைத் தாம் கடவுளுக்கென்று நேர்ந்துவிட்டதாகவும், அவன் அப்பணிக்கு விருப்பங்காட்டினால் ஒருவரும் தடை செய்யலாகாதென்றும் வாக்குப் பெற்றுக்கொண்டு கண்மூடினார். அவ்வாக்கினைத் தந்தையார் மறக்கவில்லை. மகன் வளர்ந்து ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்று இந்தியாவுக்குச் செல்ல விடை கேட்டபோது, அவர் உடனே உடன்படாமல் ஓரிரு நாள் தனித்திருந்து சிந்தித்தார். பின்பு வெளிவந்து, பிறந்த நாட்டையும் தந்தை வீட்டையும் மறந்து போகும்படி ஆசி கூறி அனுப்பினார். மகனும் தமக்குரிய குடும்பச் சொத்தின் பங்கை உடன்பிறந்தார்க்கு விட்டுக்கொடுத்தார். திரும்பி வரும் எண்ணமுடையவன் செய்யும் செயலன்று அது.

ஹாலேயில்தான் தமிழ் அவருக்கு அறிமுகமாயிற்று. தரங்கம்பாடியிலும் சென்னையிலும் ஊழியம் செய்து மீண்டிருந்த பெஞ்சமின் சூல்ட்ஸ் ஐயர், தமிழ் வேதாகமத்தை அங்கு மறுபடியும் அச்சிட எண்ணி, அதற்கு உதவியாகச் சுவார்ட்ஸையும் வேறொரு மாணவரையும் தமிழ் கற்கச் செய்தார். அந்த அச்சு வேலை நடைபெறாமலே நின்றுவிட்டது. வேலை வீணாயிற்றென்றே அன்று கண்டவர் எண்ணியிருப்பர். ஆனால் கற்ற தமிழ் வீணாகவில்லை. 1749-இல் கோபனேகன் நகரில் குருப்பட்டம் பெற்று, 1750-இல் தரங்கம்பாடி சேர்ந்தவர், நான்கு திங்கள் கழியுமுன்னே, சீகன்பால்கு ஐயர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் நின்று தமிழில் பிரசங்கம் செய்தார். பிறப்பாலே தமிழராகிய நம்மில் எத்தனை பேர் ஏட்டைப் பாராமல் ஒரு நாழிகை நேரம் பிழையற்ற தமிழ் பேச வல்லோம் என்பதைத் தமிழ் மாணவராகிய நாம் இங்கு எண்ணிப் பார்ப்பது நலம்.

தரங்கம்பாடியில் அவர் கழித்த பன்னீராண்டுகளைப்பற்றி மிக விரித்துரைக்க வேண்டுவதில்லை. கால்நடையாக ஊரூராய்ச் செல்வது, மரநிழலில் இருந்து வருவாரோடு உரையாடுவது, ஞானோபதேசம் கற்பிப்பது என்று அவை சென்றன. 1758-இல் பிரஞ்சுத் தளபதி லாலி கடலூரைப் பிடித்தபோது, அங்கிருந்த மிஷனெரிமார் தரங்கம்பாடிக்கு வந்து அடைக்கலம் புகுந்தனர். டேனியர் எப்பக்கமும் சேராதிருந்தமையால் அச்சிறு நகர் புயலினின்று தப்பிய தீவுபோல் இருந்தது. அங்கேயே தங்கியிருந்திருப்பாராயின் சுவார்ட்ஸ் ஐயரின் நாள்கள் அமைதியாகக் கழிந்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை.

1762-இல் அவர் திருச்சிராப்பள்ளிக்கு நடந்து சென்றார். அக்கோட்டையில் ஆங்கிலப் படையும் நவாபின் குடும்பமும் இருந்தன. போர் விட்டுச்சென்ற வடுக்கள் எங்கும் காணப்பட்டன. அங்கு வெடிமருந்துச் சாலை ஒன்று தீப்பற்றி வெடித்துப் பலர் மாண்டனர். தந்தையை இழந்த பிள்ளைகள் தெருவில் நின்றனர். அப்பிள்ளைகளுக்காக அவர் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். 1764-இல் மதுரைக் கோட்டையை யூசுப்கான் காத்துநிற்க, கும்பினியாரும் நவாபும் அதனை முற்றுகையிட்டபோது, காயமுற்றோரையும் நோயுற்றோரையும் பேணும் பொருட்டு ஐயர் பாளையத்திற்குச் சென்றார். அதற்கு நன்றியாக நவாப் 300 வராகன் அளித்தார். அப்பணமும் பிள்ளைகளுக்கே சென்றது. 1766-இல் திருச்சிக் கோட்டையில் கிறிஸ்து ஆலயம் கட்டி முடிக்கப்பட்டது. சென்னை அரசாங்கத்தார் படைக்குருவாக அவர் செய்த பணிக்கென ஆண்டொன்றுக்கு நூறு பவுன் ஏற்படுத்தினர். அதிற் பெரும்பகுதியையும் சபைக்கும் கட்டட வேலைக்குமே செலவிட்டார். அவர் வசித்த அறையில் ஒரு கட்டிலையும் அவரையும் தவிர வேறொன்றுக்கும் இடமில்லை என்று கண்டவர் எழுதியுள்ளனர். உணவு சோறும் கறியும். மணம் செய்துகொள்ளவில்லை. பாரசீகமும் இந்துஸ்தானியும் மராத்தியும் போர்ச்சுகீசும் ஆங்கிலமும் கற்றார். ஏனெனில், கோட்டைக்குள் அம்மொழிகளையெல்லாம் பேசுவோர் இருந்தனர்.

இவ்வெளிமையை நாம் வெறும் துறவின் சிறப்பாக மட்டும் கொள்ளலாகாது. அக்காலத்தில் சென்னையில் வந்திறங்கிய ஐரோப்பியர் பலர் நவாபுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்து, ஊர்களின் வரியை ஈடாகப் பெற்றுச் சில ஆண்டுகளிலேயே பெருஞ்செல்வராயினர். பணத்தின் பொருட்டே படைகள் நடந்தன, அரசர் இறக்கப்பட்டனர், ஏற்றப்பட்டனர். எவருக்கும் கடன்பட்டிராத ஒருவர், எவருக்கும் கடன் கொடுத்திராத ஒருவர், அத்தகைய நாட்டில் அரிதினும் அரியர்.

1769-இல் தஞ்சை மன்னர் துளஜாஜி அவரை அரண்மனைக்கு அழைத்தார். முதலில் துபாசியை வைத்துப் பாரசீகத்தில் பேச்சு நடந்தது. பின்னர் ஐயருக்குத் தமிழ் தெரியும் என்றறிந்து மன்னர் தமிழிலேயே பேசப் பணித்தார். மராட்டிய மன்னரும் ஜெர்மானியக் குருவும் தமிழால் நண்பராயினர் என்பதை எண்ணுந்தோறும் நமக்கு உவகை உண்டாகின்றது. அந்நட்பு மன்னரின் இறுதிவரை நீடித்தது. ஆனால் மன்னர் கிறிஸ்தவராகவில்லை.

அந்நாளில் அரசியல் எத்துணை நிலையற்றதாயிருந்தது என்பதற்குத் தஞ்சையே சான்று. 1773-இல் கும்பினிப்படை தஞ்சைக் கோட்டையைப் பிடித்து நவாபின் கையில் ஒப்புவித்தது, மன்னர் சிறைப்பட்டார். 1776 ஏப்ரலில் சென்னைக் கவர்னர் பிகட் பிரபு நேரில் வந்து அவரை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். அமர்த்தியவர் ஆகஸ்டுத் திங்களில் தம் ஆலோசனைச் சபையாராலேயே சிறைப்படுத்தப்பட்டு, மறு ஆண்டில் காவலிலேயே உயிர் துறந்தார். சிறையிலிருந்த அரசர் மாளிகைக்கும், விடுவித்த கவர்னர் சிறைக்கும் சென்றது ஆறு திங்களுக்குள். இதனைக் கண்ட மக்கள் யாரை நம்புவர்? 1778-இல் சுவார்ட்ஸ் ஐயர் திருச்சியைத் தம் உடனூழியரிடம் ஒப்புவித்துத் தஞ்சையில் நிலையாகத் தங்கலானார்.

அடுத்த ஆண்டில் அவர் வாழ்வில் எதிர்பாராத ஒரு வேலை வந்தது. சென்னைக் கவர்னர் ரம்போல்டு அவரை வரவழைத்து, மைசூரில் ஐதர் அலியிடம் சென்று, அவர் கருத்தறிந்து, கும்பினியார் சமாதானத்தையே விரும்புகின்றனர் என்று தெரிவிக்குமாறு வேண்டினார். இது குருவின் தொழிலன்று என்பதை ஐயர் அறிவார். உடனே இசையாமல், செபித்து முடிவு கூறுவதாகச் சொன்னார். பின்பு மூன்று காரணங்களால் இசைந்தார்: போர் நிகழாமற் காத்தல் நற்செயல், வழியெங்கும் நற்செய்தியைக் கூறலாம், கும்பினியார் தமக்குச் செய்துவந்த உதவிகளுக்கு நன்றி காட்டலாம். பரிசுப்பொருள் எதனையும் தமக்கென ஏற்பதில்லை என்று புறப்படுமுன்னே தமக்குள் உறுதி செய்துகொண்டார்.

1779 ஜூலையில் புறப்பட்டு, கரூர் வழியாகக் கசல்கட்டிக் கணவாய் ஏறி, ஆகஸ்டு இறுதியில் ஸ்ரீரங்கப்பட்டணம் சேர்ந்தார். ஐதர் எழுதப் படிக்க அறியாதவர். எனினும் ஆட்களை அளந்தறிவதில் அவருக்கு நிகர் அந்நாளில் இந்தியாவில் இல்லை எனலாம். கும்பினியாரின் தூதர் வேறு யார் வரினும் தமக்கு நம்பிக்கை இல்லையென்றும், இக்கிறிஸ்தவர் தம்மை ஏமாற்றமாட்டாராதலின் இவரை அனுப்பலாம் என்றும் அவர் கூறியதாகச் சொல்லப்படுகின்றது. ஐயரைத் தம் அருகே கம்பளத்தில் அமர்த்திப் பேசினார். அவர் படையில் வேலைபார்த்த ஐரோப்பியருக்கு ஐயர் தம் கூடாரத்தில் ஆராதனை நடத்தினார், ஐதர் தடுக்கவில்லை. விடைபெறும்போது வழிச்செலவுக்கென 300 ரூபாய் கொடுத்தார். மறுத்தால் அவமதிப்பாகும் என்பதால் ஐயர் பெற்றுக்கொண்டு வந்து, அதனைச் சென்னை அரசாங்கத்தாரிடம் ஒப்புவித்தார். அவர்கள் வாங்க மறுக்கவே, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு அதனை முதலாக வைத்தார்.

தூது பலித்ததா? பலிக்கவில்லை. ஐயர் புறப்படுமுன்னரே, அவ்வாண்டு மார்ச்சில், ஐதரின் பாதுகாப்பில் இருந்த மாஹியைக் கும்பினியார் பிரஞ்சுக்காரரிடமிருந்து பறித்துவிட்டனர். முன்செய்த உடன்படிக்கைகள் மீறப்பட்டமையை ஐதர் வெளிப்படையாகவே எடுத்துக்காட்டினார். அதற்கு ஐயரிடம் தக்க விடை இருந்திருக்க முடியாது. இவ்விடத்தில் நம் மனம் சற்றுத் தடுமாறுகின்றது. பொய்யுரையாத ஒருவரைத் தம் வஞ்சகத்துக்குத் திரையாகக் கும்பினியார் பயன்படுத்தினர் என்று கூறுவது மிகையாகாது. ஐயர் அதனை முன்னரே உணர்ந்திருக்க வேண்டாவா என்று கேட்பாரும் உளர். ஆயினும் ஒன்று சொல்லலாம். சமாதானம் உண்டாக்குவது ஒன்றே அவர்மேல் விழுந்த கடமை. அது உண்டாகுமா என்பதை அவர் தம் பொறுப்பாகக் கருதவில்லை. அவ்வாறு கருதியிருந்தால், தூது தோற்றபின் அவர் மனமுடைந்து வாளாவிருந்திருப்பார். அவரோ தஞ்சைக்குத் திரும்பியதும் வேறொரு காரியத்தில் முனைந்தார். நெல் வாங்கினார்.

போர் வரும் என்பதை ஐதரின் முகத்திலிருந்தே அவர் படித்துக்கொண்டு வந்திருத்தல் வேண்டும். விலை மலிவாயிருந்த அக்காலத்தில் பெருந்தொகையான நெல்லை வாங்கிச் சேர்த்துவைத்தார். கடவுள் காப்பார் என்று பிறருக்குப் போதித்தவர் தாமே களஞ்சியம் நிரப்பியதேன் என்று அன்று சிலர் நகைத்திருக்கவும் கூடும். எகிப்தில் யோசேப்பு கட்டிய களஞ்சியங்களையும், எருசலேம் முற்றுகையிடப்பட்டிருக்கையில் எரேமியா பணம் நிறுத்துக் கொடுத்து நிலம் வாங்கியதையும் வேதத்தில் கற்றறிந்தவர்க்கு அந்நகை எழாது. நாளை உலகம் முடிந்துவிடும் என்று அஞ்சுபவன் நெல்லை ஒளித்துவைப்பான். உலகத்தை நடத்துபவர் ஒருவர் உளர் என்று தெளிந்தவன் பிறருக்காக அதனைச் சேர்த்துவைப்பான். வாங்கியது ஒரே நெல். வைத்த மனம் வேறு.

1780 ஜூலையில் ஐதரின் பெரும்படை கணவாய்கள் வழியே கர்நாடகத்தில் இறங்கிற்று. செப்டம்பரில் பொள்ளிலூரில் பெய்லியின் படைப்பிரிவு அழிந்தது. பின்னர்த் தஞ்சை நாட்டுக்குள்ளும் குதிரைப்படை புகுந்தது. ஊர்கள் எரிந்தன, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, ஆற்றுக் கரைகள் உடைக்கப்பட்டன. சோழவள நாடு என்று புலவர் பாடிய அந்நாட்டில் விதைக்க ஆளில்லை, உழ மாடில்லை. மக்கள் கோட்டைக்குள் வந்து குவிந்தனர். காலையில் வீதியிற் செல்வோர் இரவில் பசியால் இறந்தோரின் உடல்களைக் கடந்து செல்ல வேண்டியதாயிற்று. அப்பொழுதுதான் சுவார்ட்ஸ் ஐயரின் களஞ்சியம் திறந்தது. தம் சபையாரென்றும் பிறரென்றும் பாராமல் பசித்தோர்க்கு நாள்தோறும் உணவளித்தார். தஞ்சையிலிருந்த ஆங்கிலேயர் சிலரும் பொருளுதவி செய்தனர்.

அதனினும் பெரியதொரு நிகழ்ச்சி அக்கோட்டையில் நடந்தது. கோட்டைக் காவலர்க்கே உணவு குறைந்தது. நாட்டுப்புறத்தில் நெல் இல்லாமலில்லை. அதனைக் கொண்டுவர மாடுகளும் ஆள்களும் வேண்டும். மன்னர் ஆணையிட்டார், ஒருவரும் வரவில்லை. முன்பு வந்தவர்க்குக் கூலி கிடைக்கவில்லை. கூலிப்பணம் அதிகாரிகளின் மடியில் தங்கிவிட்டது. ஆங்கிலேயர் கேட்டனர், அவர்களையும் ஒருவரும் நம்பவில்லை. நம் எல்லாருடைய வாக்கும் மதிப்பிழந்துவிட்டது, இனிச் சுவார்ட்ஸின் வாக்கையேனும் மக்கள் நம்புகின்றனரா பார்ப்போம் என்று மன்னரே கூறும் நிலைமை வந்தது. விரும்பியபடி மக்களோடு உடன்படிக்கை செய்துகொள்ள ஐயருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது.

அவர் உபதேசிமாரையும் வேறு கிறிஸ்தவரையும் ஊர்களுக்கு அனுப்பினார். மாடு கொண்டுவருவோர்க்குத் தம் கையாலேயே கூலி கொடுப்பதாகச் சொல்லியனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. அவற்றில் நெல் ஏற்றிக் கோட்டைக்குள் கொண்டுவரப்பட்டது; கோட்டை பிழைத்தது. ஐயர் வந்தவர் ஒவ்வொருவருக்கும் எண்ணிக் கூலி கொடுத்து, மேலும் சிறிது வெகுமதியும் அளித்து அனுப்பினார். பின்னொரு முறை இடர் நேர்ந்தபோதும் இவ்வாறே நடந்தது. இரண்டாம் முறையும் மாடுகள் வந்தன என்பதிலேதான் முதல் முறை கொடுத்த கூலியின் பெருமை விளங்குகின்றது.

ஐதரும் தம் படைத்தலைவர்களுக்கு, அக்குருவைத் தடையின்றிப் போகவிடவேண்டும் என்று கட்டளையிட்டிருந்தார். ஆகவே அவர் இரு படைகளுக்கும் இடையே நடமாட முடிந்தது. அரசர்கள் தம்மவரையே நம்பாத காலத்தில், எதிர்ப்பக்கத்தில் இருந்த ஒருவரை நம்பினர் என்பது வியப்பன்றோ? காரணத்தைத் தேடி நாம் நெடுந்தொலை செல்லவேண்டுவதில்லை. ஐதர் வெல்வாரோ நவாப் வெல்வாரோ என்று கணக்கிட்டு நடந்தவர் அனைவரும் ஒவ்வொரு போருக்குப் பின்னும் பக்கம் மாறவேண்டியிருந்தது. சுவார்ட்ஸ் ஐயருக்கு அக்கணக்கே தேவைப்படவில்லை. மேலே ஆள்பவர் மாறாதவராதலின் கீழே ஆள்பவர் எவராயினும் அவர் தம் சொல்லை மாற்றவேண்டியதில்லையாயிற்று. 1782 டிசம்பரில் ஐதர் இறந்தார். 1783-இல் சமாதானம் பேசும்பொருட்டு மீண்டும் ஐயர் திப்புவிடம் அனுப்பப்பட்டார். இம்முறை திப்புவின் ஆட்கள் வழிவிடாமையால் பாதியிலேயே திரும்பிவந்தார். மறு ஆண்டு மார்ச்சில் மங்களூரில் உடன்படிக்கை முடிந்தது. அதில் அவருக்குப் பங்கில்லை.

போர் நின்றும் தஞ்சைக்கு விடிவு வரவில்லை. துளஜா மன்னர் தம் மக்களையும் பேரப்பிள்ளையையும் அடுத்தடுத்து இழந்து துயரால் அரண்மனைக்குள் அடைபட்டுக் கிடக்க, அமைச்சர் குடிகளை வருத்தி வரி பறித்தார். 65,000 பேர் நாட்டைவிட்டு வெளியேறினர் என்பது ஐயர் தந்த கணக்கு. அவர்களைத் திரும்ப அழைக்கும் பணியும் அவர் தலையிலேயே விழுந்தது. மன்னர் அழைத்தபோது வராதவர், ஐயர் தம் பெயரால் உறுதி கூறியபோது ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர். பயிரிடும் பருவம் கடந்துகொண்டிருந்தது. தாமதித்ததற்கு ஈடாக இரவும் பகலும் உழைப்பதாக அவர்கள் சொல்லி, அவ்வாறே உழைத்தனர். அந்நாட்களில் சென்னை அரசாங்கத்தார் தஞ்சை நாட்டை மேற்பார்வை செய்ய அமைத்த குழுவிலும் அவரை ஓர் உறுப்பினராக்கினர்.

திருநெல்வேலிச் சபையின் தொடக்கமும், கிளாரிந்தா அம்மையாருக்கு 1778-இல் ஞானஸ்நானம் கொடுத்ததும், 1790-இல் சத்தியநாதனைக் குருவாக அபிஷேகம் பண்ணுவித்ததும், தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஏற்பட்ட ஆங்கிலப் பள்ளிகளும் தனித்தனியே எழுதத்தக்கவை. தமிழ் மாணவராகிய நாம் ஒன்றை மட்டும் குறிக்காமற் செல்ல மனமில்லை. பாளையங்கோட்டைக்குச் சென்றிருந்தபோது அறிவிற் சிறந்த ஒரு சிறுவனைக் கண்டு, தந்தையின் இசைவு பெற்றுத் தம்மோடு தஞ்சைக்கு அழைத்துவந்து வளர்த்தார். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரே அச்சிறுவர். போர் ஓய்ந்த நாட்டில் பிறர் இடிந்த மதில்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, இவர் ஒரு கவிஞரைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

1787-இல் துளஜா மன்னர் மரணப்படுக்கையில் இருந்தபோது, பத்து வயதுள்ள சரபோஜியைத் தத்தெடுத்து, ஐயரை அழைத்துச் சிறுவனுக்குக் காவலராக இருக்குமாறு வேண்டினார். ஐயர் ஒப்பவில்லை. அரண்மனைக்குள் இருக்கும் பகைகளுக்கிடையே வெளியிலிருக்கும் ஒரு குருவால் சிறுவனைக் காக்கமுடியாதென்றும், மன்னரின் சகோதரர் அமர்சிங்கிடமே நாட்டையும் சிறுவனையும் ஒப்புவிப்பது தக்கதென்றும் கூறினார். அதன் பயன் நன்றாக முடியவில்லை. மன்னர் மறைந்ததும், தத்தெடுத்தது சாத்திரத்துக்கு ஒவ்வாதென்று பண்டிதர்கள் கூற, கும்பினியார் அமர்சிங்கையே அரசராக்கினர். சிறுவனோ ஓர் அறையில் அடைக்கப்பட்டு, ஒளியும் கல்வியுமின்றி வாடினான். அதிகாரம் வேண்டாமென்று விலகியவர் அப்பொழுது விலகி நிற்கவில்லை. சென்னைக்கு முறையிட்டு முறையிட்டுச் சிறுவனுக்குக் காவலும் ஆசிரியரும் கிடைக்கச் செய்தார். 1793-இல் அவனும் மறைந்த மன்னரின் தேவிமாரும் பாதுகாப்பாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். தத்துரிமையை மறுபடியும் விசாரிக்குமாறு மேலிடத்திற்கு எழுதிக்கொண்டேயிருந்தார்.

இச்சிறுவன் தன் உரிமையைப் பெறுவான் என்பதற்கு அந்நாட்களில் உறுதி ஒன்றுமில்லை. ஐயருக்கோ எழுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தம் கண்முன் நீதி நிலைபெறவேண்டும் என்று அவர் அவசரப்பட்டிருக்கலாம். அல்லது, இனி நம்மால் ஆவதென்ன என்று கைவிட்டிருக்கலாம். இரண்டும் செய்யாமல், ஒரு பிள்ளைக்குப் பாடம் நடக்கிறதா என்று கவனிப்பதும் ஒரு கடிதம் எழுதுவதுமாக இருந்தார். அவருடைய விசுவாசத்தின் அளவை அறிய ஐதரின் அரண்மனையைவிட இக்கடிதங்களே சிறந்த இடம் என்பது நம் துணிபு.

1797 இறுதியில் நோய் அவரைப் பற்றிற்று. சரபோஜி வந்து கட்டிலருகே நின்று ஆசி பெற்றார். 1798 பிப்ரவரி 13-ஆம் நாள், தாம் வளர்த்து உருவாக்கிய கோலாப் ஐயரும், கெரிக்கே ஐயரும் தமிழ்ச் சீடரும் சூழ்ந்திருக்க அவர் காலமானார். முடிவுநாட்களில் கண்மூடிக் கிடந்தவரை உயிர்பிரிந்தாரெனக் கருதிக் கெரிக்கே ஐயர் ஞானப்பாட்டொன்றைத் தொடங்க, அவர் கண்விழித்துத் தாமும் சேர்ந்து பாடினார் என்று சொல்வர். அடக்கத்தின்போது பாடவேண்டிய பாட்டை மக்களின் அழுகை மூடிவிட்டது. சரபோஜி கண்ணீர் பெருக்கிப் பொன்னாடையால் உடலை மூடி, கல்லறைவரை உடன் வந்தார்.

நான்கு திங்களுக்குப் பின், 1798 ஜூன் 29-ஆம் நாள், அமர்சிங் இறக்கப்பட்டுச் சரபோஜி தஞ்சை அரியணையில் ஏறினார். எழுதிய கடிதங்களுக்கு விடை வந்தபோது எழுதியவர் இல்லை. அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்டார். அக்டோபரில் தஞ்சை நாட்டின் ஆட்சியும் கும்பினியார் கைக்குப் போயிற்று. சரபோஜிக்குக் கோட்டையும் அரச மரியாதையும் ஒருபங்கு வருவாயும் எஞ்சின. அவற்றைக்கொண்டு அம்மன்னர் சரசுவதி மகாலில் சுவடிகளையும் நூல்களையும் தொகுத்தார் என்பதை யாவரும் அறிவர்.

அவர் இந்துவாகவே வாழ்ந்து இந்துவாகவே மறைந்தார். ஆயினும், லண்டனில் இருந்த பிளாக்ஸ்மன் என்னும் புகழ்பெற்ற சிற்பியைக்கொண்டு, தம் குருவின் மரணப்படுக்கையருகே தாம் நிற்கும் காட்சியைச் சலவைக்கல்லில் செதுக்குவித்து, தஞ்சைச் சிவகங்கைக் கோட்டைக்குள் ஐயர் கட்டிய ஆலயத்தில் நிறுவினார். கல்லறைமேல் வைத்த கல்லுக்கு வேறொருவரையும் எழுதச் சொல்லவில்லை. சுவார்ட்ஸ் ஐயரின் முயற்சியால் தாம் கற்ற ஆங்கிலத்தில் தாமே சில அடிகள் இயற்றி, அவற்றையே அதிற் பொறிக்கச் செய்தார்.